இன்னொரு சுயம்புக்கனி

நீ ஜன்னல் ஓரமா நகந்துக்கோ, மக்ளே. மாசமா இருக்கிற பிள்ளைக்குக் காத்து வேணும், இல்லன்னா கொமட்டும். ராதாபுரம் தாண்டுற வரைக்கும் ரோடு வேற குண்டும் குழியுமா கெடக்கு. எத்தனாவது மாசம்? ஏழா? நல்லது. கால நீட்டிக்கோ. என் பைய மட்டும் மிதிச்சிராத, உள்ள வீசுகோல் இருக்கு. வில்லுப்பாட்டுல வில்ல அடிக்கிற கோலு. அது சாமி சாமான்.

ஆமா, நான் பாடுதவதான். வில்லுப்பாட்டு சுயம்புக்கனி. பேரு கேள்விப்பட்டிருப்பியே?

என்ன அப்படிப் பாக்குத? போன்ல பாத்த மொகம் இது இல்லயேன்னு பாக்குதியா? பாரு, பாரு. எல்லாரும் இப்படித்தான் பாப்பாவ. போன்ல வாரவ சின்னவ. பட்டுச் சேல, பெரிய ஜிமிக்கி, பேசும்போது கைய இப்படி இப்படி ஆட்டுவா. அது வேற சுயம்புக்கனி. நான் அசலு.

தண்ணி வச்சிருக்கியா? ஒரு மடக்கு தா. என் பாட்டில் வள்ளியூர்லயே தீந்துட்டு.

நான் தேரிவிளை விலக்குல எறங்கணும். இன்னைக்கு அங்க கிணத்தடி அம்மைக்கு மதியக் கொடை, அதான் கோயில் திருவிழா. வில்லு, குடம், ஆளுவ எல்லாம் காலைலயே வேன்ல போயாச்சி. நான்தான் பஸ்ஸுல வாரேன்னு சொன்னேன். சும்மாதான். ரெண்டு வருசமா பாதியில நின்னு கெடக்கிற பாட்ட நான் போயி முடிக்கணும். வேற ஆரும் முடிக்க முடியாது. அந்தச் சின்னவளே என் வீட்டு வாசல்ல வந்து நின்னு கெஞ்சுனாள்னா பாத்துக்கோயேன்.

உனக்கு எந்தூரு? சரி, அந்தப் பக்கமா. அப்ப உனக்கு எங்க பக்கத்து வழக்கம் தெரியாது. சுயம்புலிங்க சாமி குலதெய்வமா உள்ள வீட்டுல மூத்தது பொண்ணாப் பொறந்தா பேரு தேட வேண்டாம். சுயம்புக்கனிதான். எங்க தெருவுல மட்டும் நாலு பேரு. குழாயடியில நின்னு ஒருத்தி "ஏ சுயம்புக்கனி"ன்னா நாலு தலை திரும்பும். ஒருத்தி டீச்சரு, ஒருத்தி பீடி சுத்துதா, ஒருத்தி கோழிக்கடை வச்சிருக்கா. அதுலயெல்லாம் எனக்கு ஒரு கோவமும் கெடயாது. ஆனா வில்லுக்குப் பின்னால உக்காந்த சுயம்புக்கனி ஒருத்திதான். அந்தச் சின்னவ வாரதுக்கு முன்னால இருபத்திரெண்டு வருசம் நான் ஒருத்திதான்.

கொடை நோட்டீசுல என் பேரு போட்டா பக்கத்து ஊரு ஆளெல்லாம் பாய் எடுத்துக்கிட்டு வரும். எங்க வீட்டுக்காரரு தவசி, அவருதான் எனக்குக் குடம் அடிப்பாரு. நான் ஒரு வரிய இழுத்தா எங்க விடுவேன்னு அவரு கைக்குத் தெரியும். அப்படி இருந்த பொழப்பு.

ஆறு வருசத்துக்கு முன்னால உடன்குடிப் பக்கம் இருந்து இவ கெளம்புனா. தமிழு எம்.ஏ. படிச்சவளாம். படிச்சவளுக்கு என்னத்துக்கு வில்லுன்னு கேட்டேன். ஆசையாம். தொண்ட இருக்கு, அது இல்லன்னு சொல்ல மாட்டேன். எங்க போயி ஒருத்திக்கு அழுக வருமோ அந்த எடத்த அவளும் கண்டுபிடிச்சுப் பாடுவா. பாடுனத எவனோ போன்ல எடுத்துப் போட்டான். அதோட போச்சி என் பேரு.

ஒரு ஊரு கொடையில நான் வில்லுக்குப் பின்னால உக்காந்து தொண்டயச் செருமுதேன். முன்வரிசையில ஒரு பொம்பள பக்கத்துல உள்ளவகிட்ட கேக்கா, "போன்ல பாத்ததுக்கு ரொம்ப வயசாத் தெரியுதாளே?" மத்தவ சொல்லுதா, "பவுடர் போடலபோல." சிரிக்காளுவ. மக்ளே, எனக்கு அன்னைக்குத் தாளம் தப்பிட்டு. அத்தன வருசத்துல மொத தடவ. தவசி குடத்துல ரெண்டு அடி கூட அடிச்சு மறைச்சிட்டாரு. ஆருக்கும் தெரியாது. எனக்குத் தெரியுமில்லா?

பொறாமன்னு நெனைக்காத. எனக்கு எதுக்குப் பொறாம? என் பேரத்தான கேட்டேன்.

அவ வீட்டுக்கே போனேன். தவசி வேண்டாம் வேண்டாம்னாரு. கேக்கல. அவ என்னப் பாத்ததும் கலர் சோடா வாங்கி ஒடைச்சிக் குடுத்தா, கால்ல விழுந்தா, "அக்கா உங்க பாட்டக் கேட்டுத்தான் நான் வந்தேன்"னா. நடிப்பு. நான் சொன்னேன், "ஏட்டி, பேர மாத்திக்கோ. ஒரு தொழில்ல ரெண்டு சுயம்புக்கனி ஆவாது." அவ கண்ணு கலங்கிட்டு. "எங்க அய்யா வச்ச பேருக்கா. அவிய இப்ப இல்ல. மாத்த மனசு வரல. முன்னால ஊர் பேரச் சேத்துக்கிடுதேன்"னா. சேத்தா. உடன்குடி சுயம்புக்கனின்னு. ஆனா நோட்டீசு அடிக்கிறவன் ஊர் பேரச் சின்னதாப் போடுதான், பேரப் பெருசாப் போடுதான். அதுக்கும் அவதான காரணம்? அவ கொஞ்சம் கண்டிச்சுச் சொல்லிருக்கலாம்லா?

இன்னொரு மடக்கு தாயேன். குறை நெனைக்காத.

தேரிவிளைக்கு வாரேன். அங்க கோயில் தலைவரு தங்கப்பழம் அண்ணாச்சி. ரெண்டு வருசத்துக்கு முன்னால என் வீட்டுக்கு வந்து வெத்தலத் தட்டு வச்சுக் கூப்பிட்டாரு. அதே கோயிலுக்குச் செயலாளரு ஒருத்தன், அவன் போன் போட்டு அவளக் கூப்பிட்டிருக்கான். ரெண்டு பேரும் சந்திச்சப்ப "வில்லுக்குச் சொல்லியாச்சா?" "சொல்லியாச்சி." "ஆரு?" "சுயம்புக்கனி." "ஆங், அதான்." முடிஞ்சிட்டு பேச்சி. நோட்டீசுல ஒரே பேரு, ஒரே படம். படம் ஆருது? நீயே சொல்லு.

கொடை அன்னைக்குக் காலைல பத்து மணிக்கு நான் வேன்ல போயி எறங்குதேன். பந்தலுக்கு அந்தப் பக்கமா ஒரு காரு வந்து நிக்கி. எறங்குதா. ஒரு பந்தலுக்கு ரெண்டு வில்லு, ரெண்டு குடம், ரெண்டு சுயம்புக்கனி. ஊரே வந்து நின்னு பாக்கு. பொம்பளைய எல்லாம் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்காவ. தங்கப்பழம் அண்ணாச்சி தலையில கைய வச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. கூப்பிட்டு வந்த எங்க ரெண்டு பேரையும் பாடாம அனுப்ப முடியாது. அனுப்புனா அம்மைக்குக் குத்தம்.

நான்தான் ஒரு வழி சொன்னேன். அந்த வழியச் சொல்லணும்னா உனக்கு அம்மை கதையக் கொஞ்சம் சொல்லணும். மாசமா உள்ளவகிட்டச் சொல்லக் கூடாது. கல்லு மூடுற எடம் வாரதுக்கு முன்னாலயே மைக்குல சொல்லிருவோம், வயித்துப் பிள்ளைக்காரிய எல்லாம் எந்திரிச்சு அந்தப் பக்கம் போயிருங்கன்னு. ஆனா நான் இப்பப் பாட்டாவா பாடுதேன்? வெறும் பேச்சுதான. கேளு.

முத்தம்மைன்னு ஒரு பிள்ள. பதினஞ்சு வயசு. அம்மா அய்யா இல்ல, காடு கரை மட்டும் உண்டு. அதுக்கு ஆசப்பட்டு அஞ்சு மாமன்மாரும் அவளக் கூட்டிட்டுப் போயி, தண்ணி இருக்கான்னு எட்டிப் பாரு மக்ளேன்னு சொல்லி, பாழுங்கெணத்துல தள்ளி, மேல கல்லப் பொரட்டி மூடிட்டானுவ. நட்ட மத்தியானம். உள்ள தண்ணி கெடயாது. மூணு நாளு "தண்ணி, தண்ணி"ன்னு கேட்டுக்கிட்டே இருந்து செத்தா. அவதான் கிணத்தடி அம்மை. அந்தக் கல்லு இப்பவும் அங்கதான் கெடக்கு.

இதுல வழக்கம் என்னன்னா, பாட்டு ஆரம்பிக்கும்போது பாடுதவ தன் பேர அம்மைகிட்டச் சொல்லணும். ஊரு கெடயாது, அய்யா பேரு கெடயாது. வெறும் பேரு. "இன்னாரு பாட வந்தேன். உன்னக் கல்லுக்கு அடியில விட்டுட்டுப் போவ மாட்டேன். கைலாசத்துல சேத்து வரம் வாங்கிக் குடுத்துட்டுத்தான் எந்திரிப்பேன்." அது வாக்கு. கல்லு மூடுனதுக்குப் பெறவு கைலாசம் பாடணும், சிவன் வரம் குடுக்கணும், கடைசியா வாழி பாடணும். அதுவரைக்கும் வில்லுக்குப் பின்னால ஆளு எந்திரிக்கக் கூடாது. மூத்திரம் முட்டுனாலும் எந்திரிக்கக் கூடாது.

அவளுக்குச் சாயங்காலம் நாகர்கோவில் பக்கம் இன்னொரு கொடை. சீக்கிரம் போவணும்னா. நான் சொன்னேன், "நீ முன்னால பாடு. பொறப்புல இருந்து கல்லு மூடுற வரைக்கும் ஒனக்கு. அதுக்கு மேல எனக்கு. கைலாசமும் வாழியும் நான் பாத்துக்கிடுதேன்." சனங்க அழுவுறது எல்லாம் அவ பங்குலதான் வரும், போன்ல எடுக்கிறதும் அததான். விட்டுக் குடுத்தேன் பாத்தியா?

அவ யோசிச்சா. "அக்கா, கல்லு மூடுன எடத்துல ஆளு மாறலாமா?"ன்னா. நெசமாப் பயந்துதான் கேட்டா. நான் சிரிச்சேன். "பேரு ஒண்ணுதானட்டி? சுயம்புக்கனி ஆரம்பிக்கா, சுயம்புக்கனி முடிக்கா. அம்மைக்குப் பேருதான தெரியும், மூஞ்சியா தெரியும்?" நான்தான் சொன்னேன். இந்த வாயாலதான். ரெண்டு பேரும் வெத்தலத் தட்டத் தொட்டுப் பங்கு பிரிச்சுக்கிட்டோம்.

பாடுனா. என்னத்த மறைக்க, நல்லாத்தான் பாடுனா. கல்லு மூடுற எடத்துல ஒருத்தி இருமக்கூட இல்ல. கோமரத்தாடி, அதான் அம்மை எறங்கி ஆடுறவரு, கெணத்துக் கல்லு மேல விழுந்து கெடந்து அழுதாரு. அவ வீசுகோல வச்சா, என் காலத் தொட்டுக் கும்பிட்டா, "பாத்துக்கோங்கக்கா"ன்னு சொல்லிட்டுக் கார்ல ஏறப் போனா.

நான் போயி உக்காந்தேன். உக்காந்து தலைய நிமுந்து பாக்கேன், பந்தல்ல பாதி ஆளு இல்ல. எல்லாம் காருக்குப் பின்னால ஓடுது. செல்பி எடுக்கவாம். மிச்ச ஆளும் எந்திரிச்சு மண்ணத் தட்டுது. அந்த மைக்செட்டுக்காரப் பய, அவனுக்கு என்ன தெரியும், "சுயம்புக்கனி குழுவினரின் வில்லிசை இனிதே நிறைவு பெற்றது, எல்லாரும் சாப்பிட வாங்க"ன்னுட்டான். நான் கையில வீசுகோலோட உக்காந்திருக்கேன்.

நீயா இருந்தா என்ன செய்வ? சொல்லு. நீயா இருந்தா?

வீசுகோல எடுத்துப் பையில வச்சுக்கிட்டு எந்திரிச்சேன். தங்கப்பழம் அண்ணாச்சி ஓடி வந்தாரு. "தாயி, பாட்டு நிக்கக் கூடாது." நான் சொன்னேன், "சுயம்புக்கனி பாடி முடிச்சாச்சின்னு உங்க மைக்கே சொல்லிட்டே. கொறை இருந்தா போனவளக் கூப்பிடுங்க." தவசி குடத்த விட்டு எந்திரிக்கல. "நாலு வரி போதும்ட்டி. கைலாசம்னு ஒரு வார்த்த சொல்லு, வாழி பாடிட்டு எந்திரிப்போம். பிள்ள கல்லுக்கு அடியில கெடக்கா"ன்னு கெஞ்சுதாரு. நான் நின்னுக்கிட்டே இருந்தேன். பெறவு அவரே தட்டிப் பாட ஆரம்பிச்சாரு. அவருக்கு எங்க குரலு? பேரு குடுத்தது அவரா? கையப் புடிச்சு இழுத்துட்டு வந்துட்டேன்.

நான் செஞ்சது தப்புன்னு ஊரே சொன்னாவ. ஆனா நியாயத்தப் பாரு. பேரு சொல்லி வாக்குக் குடுத்தது அவ. காப்புப் பாட்டு பாடுனது அவ. அப்ப வாக்கு ஆரப் புடிக்கணும்? அவளத்தான.

அதான் என்ன நடக்குன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். கெட்டது நெனைக்கல. பாத்தேன், அவ்வளவுதான்.

அவளுக்குப் பத்து நாளு தொண்ட கட்டுச்சி. அவ காரு எங்கயோ போயி முட்டுச்சி, ஆளுக்கு ஒண்ணும் இல்ல. எனக்கா? எனக்கு ஒண்ணும் இல்ல. குடம் ஒண்ணு ஒடைஞ்சிது. புதுக் குடம் வாங்குனோம், அதுவும் விரிசல் விட்டுட்டு. மண்ணு சரியில்லன்னு விட்டுட்டேன். வீட்டுக் கெணறு வத்திட்டு, வேனா வெயிலு, ஊருல எல்லா கெணறும் வத்தும். பக்கத்து வீட்டுக் கெணத்துல தண்ணி கெடந்துது, அது ஊத்து வேற. அடுத்த மாசம் தவசி செத்துட்டாரு.

அது வேற விசயம். அவருக்கு அறுபத்திமூணு வயசு, நெஞ்சு வலி உண்டு. மத்தியானம் நான் கஞ்சி ஊத்தி வச்சுக் கூப்பிடுதேன், ஆளக் காணல. போயிப் பாத்தா வத்துன கெணத்தடியில கெடக்காரு. வாளி கையில இருக்கு. தண்ணி இல்லாத கெணத்துல என்னத்த எறைக்கப் போனாரு மனுசன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல. அவரு இல்லாம எனக்கு எந்தக் கையும் சரியாத் தட்ட வரல, மக்ளே. ராசாத்தி மாதிரி வச்சிருந்தாரு என்ன. சரி, விடு. அத நெனைச்சா பேச முடியாது.

தண்ணி. ஆங். இதுல பாதி இருக்கே, பத்தும்.

போன வருசக் கொடைக்கு அந்த ஊருக்கு எந்த வில்லுக்காரனும் வரமாட்டேன்னுட்டான். பாதியில நிக்கிற பாட்ட எவன் தொடுவான்? வில்லு இல்லாமலே கொடை கழிச்சாவ. மத்தியானப் பூசையில கோமரத்தாடி கல்லு மேல ஏறி நின்னுக்கிட்டு, "சுயம்புக்கனி எங்க? சுயம்புக்கனி எங்க?"ன்னு கேட்டாராம். அதத் தவிர வேற ஒரு வார்த்தயும் வரலயாம். எங்க ரெண்டு பேருக்கும் போன் வந்துது. நான் எடுக்கல. அவ போனா. போயி முடிச்சிரலாம்னு பாத்திருக்கா. கல்லு வரைக்கும் பாட்டு வந்துதாம், அதுக்கு மேல வாயே தெறக்கலயாம். எப்படி வரும்? அது என் பங்கு. தட்டத் தொட்டுப் பிரிச்சது.

அதுக்குப் பெறவுதான் என் வீட்டுக்கு நடக்க ஆரம்பிச்சா. மொத தடவ வந்தப்ப நான் கதவத் தெறக்கல. ரெண்டாவது தடவ, "வேல இருக்கு"ன்னுட்டேன். மூணாவது தடவ அவ மகளக் கூட்டிக்கிட்டு வந்தா. மூணு வயசுப் பிள்ள. பளிச்சின்னு வெயிலு அடிக்கிற முத்தத்துல வெளையாடிக்கிட்டு இருந்துட்டு, "அம்மா, லைட்ட ஆரு அணைச்சா?"ன்னு கேக்குமாம். நட்ட மத்தியானம். கண்ணு டாக்டர்கிட்டக் காட்டியாச்சாம், கண்ணுல ஒரு கொறயும் இல்லயாம். "அக்கா, நீங்க வந்து முடிச்சுக் குடுத்துருங்க. என்ன வேணும்னாலும் செய்யுதேன்"னு தரையில உக்காந்து அழுதா.

என்ன வேணும்னாலும்னு சொன்னா பாத்தியா, அங்க புடிச்சேன். "பேர விட்டுரு. நான் வந்து பாடுதேன்."

அவ கண்ணத் தொடச்சிக்கிட்டா. "பேர விட்டுட்டா, எல்லாம் உங்களுக்குத்தான வரும் அக்கா?"ன்னு கேட்டா. "ஆமாட்டி, எனக்குத்தான வரணும். எனக்கு உள்ளதுதான அது"ன்னேன்.

நாலஞ்சு மாசம் ஆச்சி அவளுக்கு. ஆபீசு ஆபீசா அலைஞ்சிருக்கா. ஒரு நாளு தட்டுல வெத்தல பாக்கு வச்சு, அது மேல கெஜட்டுத் தாள வச்சு, கொண்டு வந்து என் முன்னால வச்சா. கயல்மதியாம் இனிமே. சேனல்லயும் மாத்திட்டாளாம். "கிணத்தடியில போயி நின்னும் சொல்லிட்டு வந்துட்டேன் அக்கா. நான் இனிமே அந்தப் பேருக்காரி இல்ல, அந்தப் பேரு முழுக்க அக்காவுக்குத்தான்னு கல்லத் தொட்டுச் சொல்லிட்டேன்"னா. நல்ல காரியம் செஞ்சன்னு நான் அவளுக்கு வளையல் எடுத்துக் குடுத்து அனுப்புனேன். அவ்வளவு சந்தோசம் எனக்கு. அவ தெருவத் தாண்டுனதும் கதவச் சாத்திக்கிட்டு, "சுயம்புக்கனி, சுயம்புக்கனி"ன்னு என்ன நானே கூப்பிட்டுப் பாத்தேன். செயிச்சிட்டேன்னு நெனைச்சேன், மக்ளே. தவசி இருந்தா என்ன சொல்லிருப்பாரோ.

அவ மகளுக்கு இப்ப ஒண்ணும் இல்லயாம். மறுநாளே சரியாயிட்டாம். போன் போட்டுச் சொன்னா.

எனக்கு அவ தட்டு கொண்டு வந்த அன்னைக்குச் சாயங்காலம் ஆரம்பிச்சிது இந்தத் தாகம். நாப்பது நாளாச்சி. சுகர்னு பாத்தேன், ரத்தம் எடுத்துப் பாத்துட்டு சுகர் இல்லன்னுட்டாவ. இன்னொரு டாக்டரும் இல்லன்னுட்டாவ. நாலு சொம்பு குடிச்சாலும் நாக்கு மண்ணு மாதிரியே கெடக்கு.

பாட்டுல என்னன்னா, ஒரு மாசமா வீட்டுல உக்காந்து கைலாசத்தப் பாடிப் பாக்கேன். ஆயிரம் தடவ பாடுனது. ஒறக்கத்துல எழுப்பி விட்டாலும் பாடுவேன். இப்பப் பாரு,

"அஞ்சு மாமன் கூடி வந்து
ஆனக் கல்லைப் பொரட்டி வந்து
பச்சப் பிள்ள தலைக்கு மேல
பகல் வெளிச்சம் மூடுதானே..."

ஐயோ, வயித்துக்காரிகிட்டப் பாடிட்டேனே. காதப் பொத்திக்கோ, காதப் பொத்திக்கோ. தெரியாமப் பாடிட்டேன். ஆனா பாத்தியா, இதோட நிக்கு. இதுக்கு மேல ஒரு எழுத்து வரல. கைலாசம்னு பேச்சாச் சொல்ல வருது, பாட்டாச் சொல்ல வரல. தொண்டயில ஆரோ கைய வச்ச மாதிரி நிக்கு. தூசியாத்தான் இருக்கும். பந்தல்ல போயி உக்காந்தா தன்னால வந்துரும். வந்துரும்லா?

வரலன்னா? வரலன்னா என்ன செய்யச் சொல்லுத? வாக்கு அப்படியே நிக்கும். கல்லு அப்படியே கெடக்கும். முன்னால ரெண்டு பேரு இருந்தோம், பங்கு போட்டு வந்துது. இப்ப நான் ஒருத்திதான்.

மணி என்ன இருக்கும்? பதினொன்னரையா? வெளிய நல்ல வெயிலாத்தான இருக்கு? சும்மாதான் கேட்டேன். வெயிலுதான். நீ சொன்னாச் சரி.

மக்ளே, உனக்குப் பொம்பளப் பிள்ளதான். எனக்குத் தெரியும், வயிறு அகலமா இருக்கு. பேரு பாத்து வச்சிருக்கியா? என்னது? தன்யஸ்ரீயா? இதெல்லாம் ஒரு பேரா, கூப்பிட்டா வாய்லயே நிக்க மாட்டேங்குது. சுயம்புக்கனின்னு வையி. குலதெய்வம் வேறன்னா என்ன, சாமி பேரு எல்லாருக்கும் பொதுதான. உங்க வீட்டுக்காரரு கேட்டா, பஸ்ஸுல ஒரு அக்கா ஆசப்பட்டுச் சொன்னான்னு சொல்லு.

ஏன் தலைய ஆட்டுத? நான் என்ன கெட்டதா சொல்லுதேன்? கையக் குடு. ஏ, கையத்தான கேட்டேன், கடிக்கவா போறேன். எந்திரிக்காத, பஸ்ஸு ஆடுது, விழுந்துருவ. அடுத்த சீட்டும் காலி இல்ல, எங்க போவ? உக்காரு.

நீ சாதகத்துல என்ன வேணும்னாலும் எழுதிக்கோ. நான் கேக்கவே மாட்டேன். ஒரு தடவ கூப்பிட்டுட்டாப் போதும். பேரு வைக்கிறதுன்னா என்ன? காதுல மூணு தரம் கூப்பிடுறதுதான. ஏழு மாசத்துக்குக் காது வந்திருக்கும். ஆடாம இரு. இந்தா, முடிஞ்சிட்டு.

ஏ சுயம்புக்கனி.

ஏ சுயம்புக்கனி.

ஏ சுயம்புக்கனி.

பாத்தியா, உதைக்கா! என் கைக்கே தெரியுது. கேட்டுட்டா.

என்ன கண்டக்டர் தம்பி? தேரிவிளை விலக்கா, அதுக்குள்ளயா? ஆரு அது கீழ நிக்கிறது? ஆமா, தங்கப்பழம் அண்ணாச்சிதான். மாலையோட நிக்காரு. பின்னால கோமரத்தாடி. மக்ளே, நீ அங்கன பாக்காத. என் முந்தானய இப்படி மொகத்துல இழுத்துக்கிடுதேன், கொஞ்சம் மறைச்சுக்கோ. சாமியா இருப்ப.

அவரு என்ன கேக்காரு, தம்பி? சுயம்புக்கனி வந்திருக்காவளான்னா? அப்படி ஆரும் இந்த வண்டியில வரலன்னு சொல்லுங்க. அந்தப் பேருல ஆரும் இல்ல. வண்டிய எடுங்க. எனக்குத் திசையன்விளைக்கு ஒரு டிக்கெட் கிழிங்க.

எதுக்கு அழுத? அழாத மக்ளே. நல்ல பேருதான் அது. அந்தப் பேருக்காக நான் எவ்வளவு சண்ட போட்டிருக்கேன்.